மெட்டாலிக் பெயின்ட் பூசிய மினியேச்சருக்கு எந்த வார்னிஷ்? புதிதாகத் தொடங்குபவர்களுக்கான வழிகாட்டி

சென்ற ஐப்பசியில், மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு மாலை நேரத்தில், ஆறு வாரங்களாக இரவுதோறும் உட்கார்ந்து வண்ணம் தீட்டிய பத்துக் கவச வீரர் மினியேச்சர்களை, அதாவது சிறு உருவப் பொம்மைகளை, மொட்டைமாடிக்கு எடுத்துச் சென்று மேட் ஸ்ப்ரே வார்னிஷ் (வண்ணத்தைக் காப்பதற்கான, மங்கலாகக் காயும் நிறமற்ற பூச்சு) அடித்தேன். ஒவ்வோர் உருவமும் 28 மில்லிமீட்டர் அளவுடையது. மார்புக்கவசத்தில் மூன்று விதமான வெள்ளி நிறம், விளிம்புகளில் பொன் நிறம், வாளின் கூர்முனையில் ஏறக்குறைய வெண்மையான ஒரு கோடு என்று பார்த்துப் பார்த்துத் தீட்டியவை. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது கவசங்கள் எல்லாம் சிமென்ட் நிறத்துக்கு மாறியிருந்தன. மடிப்புகளுக்குள் நீறு பூத்தாற்போல் வெள்ளை படர்ந்திருந்தது. வார்னிஷ் தவறு, அடித்த வேளையும் தவறு என்பது பிறகுதான் புரிந்தது. அடுத்த மூன்று மாதங்கள் சோதித்துச் சோதித்துக் கற்றுக்கொண்டதை, முதல் தொகுதியை முடித்துவிட்டு வார்னிஷ் வாங்கக் கிளம்பும் உங்களுக்காக வரிசைப்படுத்தித் தருகிறேன். நான் இருப்பது சென்னை. ஆகவே காற்று, ஈரம் பற்றிய குறிப்புகள் கடலோர ஊர்களுக்கு மிகவும் பொருந்தும். கோவை, ஓசூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

1. மெட்டாலிக் பெயின்ட் எதனால் மின்னுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாதாரண அக்ரிலிக் பெயின்டில் நிறத்தூள் மட்டுமே இருக்கும். மெட்டாலிக் பெயின்டில் அதனுடன் மிக நுண்ணிய தட்டையான செதில்களும் இருக்கும். சிலவற்றில் அவை டைட்டானியம் டையாக்சைடு போன்ற பூச்சு ஏறிய மைக்கா செதில்கள். சிலவற்றில் அலுமினியச் செதில்கள். பெயின்ட் காயும்போது இவை மீன் செதில்போல் ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்து, விழும் வெளிச்சத்தை ஒரே திசையில் திருப்பி அனுப்புகின்றன. உருவத்தைத் திருப்பும்போது ஒளிக்கோடு கவசத்தின்மேல் நகர்வது இதனால்தான்.

மேட் வார்னிஷில் மங்கல் தருவதற்காக மிக நுண்ணிய தூள் கலக்கப்படுகிறது. பெரும்பாலும் அது சிலிக்கா. காய்ந்த படலத்தின் மேற்பரப்பை அந்தத் தூள் சொரசொரப்பாக்கி, ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. புது எவர்சில்வர் தட்டையும், பத்து வருடம் கம்பி நாரால் தேய்த்த எவர்சில்வர் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே உலோகம்தான். தேய்ந்த தட்டின் நுண்ணிய கீறல்கள் ஒளியைச் சிதறடிப்பதால் அது மங்கித் தெரிகிறது. மேட் வார்னிஷ் உங்கள் வெள்ளிக் கவசத்துக்குச் செய்வதும் அதுவே.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, உலோகப் பகுதிகளின்மேல் கடைசியாக இருக்கவேண்டிய பூச்சு கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பான) வார்னிஷ். இரண்டாவது, மங்கல் தூள் கலந்த படலத்தைவிடக் கலக்காத கிளாஸ் படலம் பொதுவாக உறுதியானது. எனவே கையில் எடுத்து ஆடும் உருவங்களுக்கு மேட் தோற்றம் வேண்டுமென்றாலும், அடியில் ஒரு கிளாஸ் பூச்சு இருப்பது நல்லது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உலோகச் செதில் இல்லாத சாதாரண நிறங்களைக் கொண்டே உலோகத் தோற்றத்தை வரைந்து காட்டும் முறை ஒன்று இருக்கிறது. என்எம்எம் (நான்-மெட்டாலிக் மெட்டல்) என்று சொல்வார்கள். அதில் ஒளிப்புள்ளிகளை நீங்களே வரைந்திருப்பீர்கள். அதன்மேல் கிளாஸ் பூசினால் அறை விளக்கின் உண்மையான ஒளிப்புள்ளி வேறோர் இடத்தில் விழுந்து, வரைந்ததோடு சண்டை போடும். அத்தகைய உருவங்களுக்கு மேட் வார்னிஷே சரி.

2. உருவத்தின் வேலை என்ன என்பதை முடிவு செய்யுங்கள்

கண்ணாடி அலமாரிக்குள் வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் என்றால், உலோகப் பகுதிகளில் வார்னிஷ் பூசாமலே விட்டுவிடலாம். மிகச் சிறந்த வார்னிஷும் உலோகத்தின் மின்னலில் கொஞ்சம் எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். மேசை விளையாட்டுக்காகக் கையில் எடுத்து நகர்த்தும் உருவங்களுக்குப் பூச்சு அவசியம். நம் ஊர் வெயிலில் விரல் வியர்வை ஓயாமல் படும். முதலில் தேய்வது வாள்முனை, தோள் விளிம்பு, தலைக்கவசத்தின் உச்சி. அங்கே வெள்ளி கரைந்து அடியிலுள்ள கறுப்புப் பிரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) ஊசிமுனை அளவுக்கு எட்டிப் பார்க்கத் தொடங்கினால், பூச்சு போதவில்லை என்று பொருள்.

வெள்ளியா பொன்னா என்பதையும் பாருங்கள். பொன், வெண்கலம், செம்பு நிறங்கள் மின்னல் குறைந்தாலும் மஞ்சளும் செம்மையும் தங்குவதால் உலோகமாகவே தோன்றும். வெள்ளிக்கு மின்னல் ஒன்றே அடையாளம். அது போனால் மிஞ்சுவது வெறும் சாம்பல் நிறம். ஆகவே பொன் நிறக் கவசத்துக்குச் சாட்டின் போதும். வெளுத்த, உரசிப் பளபளப்பாக்கிய வெள்ளிக்குக் கிளாஸ்தான் வேண்டும். துருப்பிடித்த இரும்பு, கறுப்பு வாஷ் (பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் நீர்த்த வண்ணம்) ஓடிய சங்கிலிக் கவசம் ஆகியவை மங்கலாக இருப்பதே அழகு என்பதால் அவற்றை மேட்டிலேயே விட்டுவிடலாம்.

3. உங்கள் மெட்டாலிக் பெயின்ட் எந்த வகை என்று பாருங்கள்

புதியவர்கள் தாண்டிச் செல்வது இந்தப் படியைத்தான். பெயின்ட் எதில் கரையுமோ, அதே கரைப்பானைக் கொண்ட வார்னிஷைத் தூரிகையால் பூசினால், அடியிலுள்ள பெயின்ட் இளகிச் செதில்கள் தூரிகையோடு இழுபடும்.

நீரில் கரையும் அக்ரிலிக்குகளில் தொல்லை குறைவு. வல்லேஹோ நிறுவனத்தின் மாடல் கலர், மாடல் ஏர், மெட்டல் கலர் ஆகியவையும் சிட்டடெல், ஆர்மி பெயின்டர் புட்டிகளும் இந்த வகை. இவை காய்ந்தபின் தண்ணீர் பட்டால் கரையமாட்டா. ஆகவே 24 மணி நேரம் கழித்து நீர் சார்ந்த வார்னிஷைத் தூரிகையால் பூசலாம். அதற்கு முன் பூசினால் செதில்கள் எழும்பும்.

ஆல்கஹாலில் கரையும் பெயின்ட்கள் அடுத்த வகை. வல்லேஹோவின் லிக்விட் கோல்ட், தாமியாவின் எக்ஸ்-11 குரோம் சில்வர் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். தாமியாவின் எக்ஸ்-22 கிளியர் வார்னிஷும் ஆல்கஹாலில் கரைவதே. இவற்றின்மேல் அதைத் தூரிகையால் பூசுவது வம்பை விலைக்கு வாங்குவது. நீர் சார்ந்த கிளாஸ் வார்னிஷைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது, ஆல்கிளாட் 2 போன்ற லாக்கர் வகை, அதாவது கடும் கரைப்பான் கொண்டு விரைவில் காய்பவை. குரோம், மெருகேற்றிய அலுமினியம் போன்ற கண்ணாடி மின்னலுக்காகவே இதை வாங்குவார்கள். அந்த மின்னல் பெரும்பாலான வார்னிஷ்களின் அடியில் மங்கிவிடும். ஆல்கிளாட் நிறுவனமே அக்வா கிளாஸ் என்ற நீர் சார்ந்த வார்னிஷ் ஒன்றை விற்கிறது. வல்லேஹோவின் மெட்டல் கலர் வரிசையிலும் உலோகத்துக்கென்றே 77.657 என்ற எண்ணில் ஒரு கிளாஸ் வார்னிஷ் உண்டு. அதிக மின்னலைக் காக்க விரும்புபவர்கள் இவற்றிலிருந்து தொடங்கலாம்.

ஏகே நிறுவனத்தின் ட்ரூ மெட்டல் போன்ற மெழுகு வகைகளை உரசி மெருகேற்றிய பிறகு எதையும் பூசாதீர்கள். மற்ற பகுதிகளுக்கெல்லாம் வார்னிஷ் பூசி முடித்த பிறகு, இவற்றைக் கடைசியில் தேய்த்துக்கொள்வதே என் வழக்கம்.

4. வாங்கும் முன் படிக்கவேண்டிய தாள்கள்

புட்டியின் முன்பக்கத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். தயாரிப்பாளர்கள் தங்கள் இணையதளத்தில் பெரும்பாலும் இரண்டு ஆவணங்களை வெளியிடுவார்கள்: ஒன்று தொழில்நுட்பத் தாள், மற்றொன்று பாதுகாப்புத் தாள். தொழில்நுட்பத் தாளில் நீங்கள் தேடவேண்டியவை நான்கு: எதைக் கொண்டு நீர்க்கச் செய்வது, பூச்சுகளுக்கு இடையே எவ்வளவு நேரம் விடுவது, எந்த வெப்பநிலையில் பயன்படுத்துவது, எதன்மேல் பூசலாம். பாதுகாப்புத் தாளில் கரைப்பானின் பெயரும், எந்த வகை முகமூடி தேவை என்பதும் இருக்கும். அசிட்டோன், டொலுயின், சைலீன் போன்ற பெயர்கள் கண்ணில் பட்டால் அது லாக்கர் வகை என்று கொள்ளுங்கள். மூடிய அறையில் அதைத் திறக்கக்கூடாது.

புட்டியிலுள்ள எண்ணையும் எழுத்தையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபாருங்கள். தாமியாவின் 100 மில்லி ஸ்ப்ரே கேன்களில் டிஎஸ்-13 கிளாஸ், டிஎஸ்-79 அரைப் பளபளப்பு, டிஎஸ்-80 மேட். கேன்கள் ஒரே மாதிரி இருப்பதால் கடையில் மாற்றி எடுத்துக்கொடுப்பது எளிதில் நடக்கும். எனக்கு ஒருமுறை கிளாஸுக்குப் பதில் மேட் வந்து சேர்ந்தது. ரசீதை எறிந்துவிட்டிருந்ததால் திருப்பித்தர முடியவில்லை. ரசீதை எடுத்து வையுங்கள். திரவம் கசிந்து வரும் பொட்டலங்களும் உண்டு. பிரிக்கும்போதே கைபேசியில் படம்பிடித்துக்கொள்வது நல்லது.

5. எங்கே வாங்குவது, எவ்வளவு ஆகும்

முதல் முறை வாங்குபவருக்கு என் பரிந்துரை இதுதான்: ஸ்ப்ரே கேன் வேண்டாம். நீர் சார்ந்த கிளாஸ் ஒரு புட்டி, அதே நிறுவனத்தின் மேட் ஒரு புட்டி, இரண்டும் சொட்டுமூக்கு வைத்த சிறிய அளவில் வாங்குங்கள். ஒரே வரிசையைச் சேர்ந்த கிளாஸையும் மேட்டையும் சரிபாதியாகக் கலந்தால் சாட்டின் கிடைத்துவிடும். மூன்றாவது புட்டிக்குச் செலவழிக்கவேண்டியதில்லை.

17 மில்லி புட்டிக்கு நான் கொடுத்தது ஏறக்குறைய 300 ரூபாய். 28 மில்லிமீட்டர் உருவம் ஒன்றுக்கு ஒரு பூச்சுக்கு ஐந்து சொட்டு போதும். இரண்டு பூச்சு என்று கணக்கிட்டாலும் ஒரு புட்டியில் முப்பது உருவங்கள் முடியும். அதாவது உருவத்துக்குப் பத்து ரூபாய். ஸ்ப்ரே கேன் இதைவிடப் பல மடங்கு விலை. அதிலும் பெரும்பகுதி காற்றோடு போகிறது. ஐம்பது, அறுபது உருவங்களை ஒரே நாளில் முடிக்கவேண்டியவருக்குத்தான் அது கட்டுப்படியாகும்.

ஸ்ப்ரே கேன் வாங்குவதானால் கொண்டுவந்து சேர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எளிதில் தீப்பற்றும் அழுத்தக் கேன்கள் அபாயப் பொருள் பட்டியலில் வருவதால் தபாலிலோ சாதாரண விமானக் கூரியரிலோ அனுப்ப அனுமதி இல்லை. வேறு மாநிலக் கடையில் சொல்லிவைத்தால் சாலை வழியாக மட்டுமே வரும். இரண்டு வாரம் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். வெளிநாட்டுக் கடைகளிலிருந்து கேன் வரவழைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். நீர் சார்ந்த புட்டிகள் வரும். அவற்றுக்கும் சுங்க வரியும் ஜிஎஸ்டியும் சேரும், கூரியர் நிறுவனம் அடையாள ஆவணங்களைக் கேட்கும். ஆதார், பான் நகல்களை முன்கூட்டியே பதிவேற்றிவிட்டால் பொட்டலம் சுங்கத்தில் தேங்காது. ஒரே ஒரு புட்டிக்காக இந்த வழியில் இறங்குவது வீண் செலவு.

வார்னிஷுக்கென்று தனியாக இரண்டு செயற்கை இழைத் தூரிகைகளை வாங்குங்கள். தட்டையானது ஒன்று, கூரானது ஒன்று. 400 ரூபாய் அளவில் கிடைக்கும் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும் வாங்குங்கள். நான் செலவழித்ததிலேயே அதிகம் பயன்பட்டது அதுதான். லாக்கர் ஸ்ப்ரே அடிக்கப்போகிறவர்கள் கரிம ஆவிகளுக்கான கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரை முகமூடிக்கு 2,000 ரூபாய் வரை ஒதுக்கவேண்டும். என்95 முகமூடி தூசியைத் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. இந்த இடத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

6. கரண்டியில் சோதித்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் எந்த வார்னிஷையும் உருவத்தின்மேல் பூசாதீர்கள். ஐஸ்கிரீம் கடைகளில் தரும் வெள்ளைப் பிளாஸ்டிக் கரண்டி ஒன்றை எடுத்து, உருவத்துக்குப் பயன்படுத்திய அதே பிரைமரை அதன் புடைத்த பக்கத்தில் அடியுங்கள். காய்ந்ததும் உங்கள் வெள்ளி நிறத்தை இரண்டு பூச்சாகத் தீட்டி ஒரு நாள் வையுங்கள். பிறகு குறுக்காக நான்கு பட்டைகளாகப் பிரித்து ஒன்றை வெறுமையாக விட்டு, மற்ற மூன்றில் கிளாஸ், சாட்டின், மேட் ஆகியவற்றைப் பூசுங்கள். கைப்பிடியில் தேதியையும் புட்டியின் பெயரையும் எழுதிவிடுங்கள். பொன்னுக்கு இன்னொரு கரண்டி.

மறுநாள் மேசை விளக்கின் கீழ் கரண்டியை மெல்ல உருட்டிப் பாருங்கள். வெறும் பட்டையில் ஒளிக்கோடு தலைமயிர் அளவுக்கு மெல்லியதாக, செதில்கள் ஒவ்வொன்றும் மினுக்கென்று தெரியும்படி ஓடும். கிளாஸ் பட்டையில் அந்தக் கோடு இன்னும் கூர்மையாக இருக்கும். ஆனால் வெளிச்சம் வார்னிஷின் மேற்பரப்பிலிருந்து வருவதுபோல், தண்ணீர் நிற்கும் தரைபோல் தோன்றும், வெள்ளி ஒரு சாயல் கருத்திருக்கும். சாட்டினில் கோடு அகன்று ஓரங்கள் கரையும். மேட்டில் கோடே இருக்காது. பட்டை முழுவதும் ஒரே சாம்பல் நிறம். இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் எந்தக் கட்டுரையும் உங்களுக்குத் தேவைப்படாது. என் கண்ணுக்குக் கிளாஸின் அந்தத் தண்ணீர்த் தோற்றம் பெரிய கவசங்களில் பொம்மைத்தனமாகப் படுகிறது. ஆகவே அகன்ற பரப்புகளுக்குச் சாட்டினும், வாள், விளிம்பு, ஆணித்தலை ஆகியவற்றுக்குக் கிளாஸும் பூசுகிறேன். உங்கள் கண் வேறு மாதிரி சொல்லலாம். அதைக் கேளுங்கள்.

கரண்டியை ஒரு வாரம் கழித்து நகத்தாலும் சுரண்டிப் பாருங்கள். அப்போதும் பிசுபிசுத்தால் அந்த வார்னிஷ் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒத்துவரவில்லை.

7. நாளும் வேளையும்

ஸ்ப்ரேயோ, காற்றழுத்தத்தால் பூச்சைத் தூவும் ஏர்பிரஷ் கருவியோ கொண்டு அடிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தவறவிடாதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது குளிர்ந்த படலத்தின்மேல் நீராகப் படிந்து, உள்ளே சிக்கிக்கொண்டு வெண்மையாகப் பூக்கிறது. என் பத்து வீரர்களுக்கு நேர்ந்தது இதுதான். ஈரப்பதமானி 65 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் நான் ஸ்ப்ரேயைத் தொடுவதில்லை.

சென்னையில் விடியற்காலையும் மழை நின்ற மாலையும் மிக மோசமான வேளைகள். கோடையில் முற்பகல் பதினொரு மணிக்கு மேல், கடற்காற்று உள்ளே வரும் முன் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் காற்று ஓரளவு உலர்ந்திருக்கும். கடற்காற்று வந்ததும் மானியின் முள் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஸ்ப்ரேயை ஒத்திவைத்துவிட்டுத் தூரிகை வார்னிஷை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பூச்சுகளுக்கு இடையேயான நேரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

கடும் வெயிலிலும் ஒரு தொல்லை உண்டு. கேனைத் தொலைவிலிருந்து அடித்தால் துளிகள் உருவத்தைத் தொடும் முன்பே காற்றில் உலர்ந்து, மாவுபோல் விழுந்து ஒட்டும். 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவு சரியாக இருக்கும். கேனை 50 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவிடக்கூடாது என்று அதன்மேலேயே எழுதியிருக்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வண்டியின் டிக்கியிலோ அதை விட்டுவிட்டு வராதீர்கள்.

8. பூசும் வரிசை

விளையாட்டு உருவங்களுக்கு இப்போது நான் பின்பற்றும் வரிசையைச் சொல்கிறேன். முழுவதும் தூரிகையால் செய்யக்கூடியது. நாள் கணக்கில் ஐந்து நாள், கை வேலை உருவத்துக்கு அரை மணி நேரத்துக்குள்.

முதல் நாள் வண்ண வேலையை முடித்து, வாஷ் உட்பட எல்லாம் காய உருவங்களை மூடி வையுங்கள். இரண்டாம் நாள் உருவம் முழுவதும் மெல்லிய கிளாஸ் பூச்சு. மூன்று பங்கு வார்னிஷுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்தால் தூரிகைக் கோடு விழாது. தூரிகையை ஒரே திசையில் இழுங்கள். இழுத்த இடத்துக்கு உடனே திரும்பிப் போகாதீர்கள். மார்புக்கவசத்தின் அடிவிளிம்பிலும் அக்குளிலும் வார்னிஷ் தேங்கும். ஈரம் துடைத்த தூரிகையின் நுனியால் அதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். நான்கு மணி நேரம் கழித்து இரண்டாவது பூச்சு. மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பூசுங்கள், பூசியதும் உருவங்களை ஒரு பெரிய டப்பாவால் கவிழ்த்து மூடுங்கள். கிளாஸ் காயும்வரை அறையிலுள்ள தூசியையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும்.

மூன்றாம் நாள் துணி, தோல், முகம், உருவம் நிற்கும் நிலம் ஆகிய உலோகமல்லாத பகுதிகளுக்கு மட்டும் மேட். பூசும் முன் புட்டியை முழுதாக இரண்டு நிமிடம் குலுக்குங்கள். மங்கல் தூள் அடியில் படிந்திருக்கும். குலுக்காமல் பூசினால் ஒரு புட்டிக்குள்ளிருந்தே முதல் உருவம் பளபளப்பாகவும் கடைசி உருவம் வெண்மை படர்ந்தும் வரும். துருப்பிடிக்காத எஃகுக் குண்டு ஒன்றைப் புட்டிக்குள் போட்டு வைத்தால் நன்றாகக் கலக்கும். மேட்டைக் குழிகளில் தேங்கவிட்டால், கறுப்பு நிறத்தின்மேல் வெள்ளைத் தூளாகக் காயும்.

ஸ்ப்ரே அல்லது ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் இந்த மேட் பூச்சை உருவம் முழுவதும் அடித்துவிடலாம். ஏர்பிரஷுக்கு 20 முதல் 25 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். உலோகப் பகுதிகள் செத்துப்போனதுபோல் தோன்றும். அஞ்சவேண்டாம், அடுத்த நாள் திரும்பி வரும்.

நான்காம் நாள் உலோகத்தை மீட்டெடுக்கும் வேலை. கூரான தூரிகையால் கவசத்துக்குச் சாட்டினும் விளிம்புகளுக்குக் கிளாஸும் பூசுங்கள். மேட் படலத்தின் சொரசொரப்பை வார்னிஷ் நிரப்பிச் சமமாக்கியதும், சாம்பல் நிறத்துக்கு அடியிலிருந்து வெள்ளி மெல்ல மேலே வருவதைப் பார்ப்பதற்கே இந்த வேலையைச் செய்யலாம். அதுவும் போதவில்லை என்று தோன்றினால், மிகப் பிரகாசமான வெள்ளியை வாள்முனையிலும் விளிம்பிலும் ஒரு மெல்லிய கோடாகக் கடைசியில் தீட்டிவிடுங்கள். அந்தக் கோடு தேய்ந்தாலும் பிறகு மறுபடி தீட்டிக்கொள்ளலாம். அடியிலுள்ள வேலை பத்திரமாக இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மெட்டாலிக் பெயின்டில் பயன்படுத்திய தண்ணீரையும் தூரிகையையும் வார்னிஷுக்கு எடுக்காதீர்கள். கழுவிய குவளையை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், அடியில் மினுமினுப்புச் சுழலும். அந்தச் செதில்கள் மேட் வார்னிஷோடு சேர்ந்து வீரனின் முகத்திலும் மேலங்கியிலும் சரிகைத் தூள்போல் ஒட்டிக்கொண்டால், எடுக்க வழியே இல்லை.

ஐந்தாம் நாள் வெறுமனே காயவிடுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பெட்டிக்குள் அடுக்கிவிடாதீர்கள். தொடுவதற்குக் காய்வது வேறு, படலம் முழுமையாக இறுகுவது வேறு. கிளாஸ் அக்ரிலிக் புழுக்கத்தில் நெடுநாள் இளகியிருக்கும். நான் மூன்றாம் நாளே ஸ்பாஞ்சுப் பெட்டியில் வைத்த ஓர் உருவத்தின் முதுகில் ஸ்பாஞ்சின் துளைகள் அச்சாகப் பதிந்துவிட்டன. பெட்டிக்குள் வைக்க இரண்டு வாரம் பொறுங்கள்.

9. கெட்டுப்போனால் செய்யவேண்டியவை

வெண்மை பூத்துவிட்டால் உடனே சுரண்டவோ, ஐசோபுரொபைல் ஆல்கஹால் விட்டுத் துடைக்கவோ முற்படாதீர்கள்; ஆல்கஹால் அடியிலுள்ள பெயின்டையும் சேர்த்துக் கரைத்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, காற்று உலர்ந்த வேளையில் கிளாஸ் வார்னிஷை மெல்லியதாகப் பூசிப் பாருங்கள். படலத்தின் சொரசொரப்பில் கிளாஸ் இறங்கி நிரப்புவதால் பெரும்பாலும் வெண்மை மறையும். என் பத்து வீரர்களில் ஏழு பேர் இப்படித்தான் மீண்டார்கள். குழிகளில் மேட் தூள் தடித்து நின்ற மூன்று பேருக்கு அந்த இடங்களில் நீர்க்கச் செய்த கறுப்பு வாஷை மறுபடி ஓடவிட்டு, மேடுகளில் வெள்ளியை மீண்டும் தீட்டவேண்டியிருந்தது. ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

தூரிகை இழுத்த இடத்தில் செதில்கள் எழும்பிக் கோடு விழுந்திருந்தால், ஈரமாக இருக்கும்போது சரிசெய்ய முயலவேண்டாம். முழுமையாகக் காயவிட்டு, அந்தக் கவசத்தகடு ஒன்றை மட்டும் புதிதாக வெள்ளி தீட்டி, மறுநாள் வார்னிஷ் பூசுங்கள். இரண்டு தகடுகள் சந்திக்கும் பள்ளத்தில் புதுப்பூச்சை நிறுத்தினால் ஒட்டு தெரியாது.